பார்க்காத பாலத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. சிவில் முடித்துவிட்டு நான்கு வருடமாக ஒரு சிறிய பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு கடலோர மாநகராட்சியின் பாலங்கள், மழைநீர் வடிகால்கள், மேல்நிலைத் தொட்டிகள் எல்லாவற்றையும் வருடா வருடம் ஆய்வு செய்து அறிக்கை கொடுப்பதுதான் எங்கள் வேலை. இந்த முறை 38 பாலங்களுக்கு ஆறு வாரம்தான் கொடுத்தார்கள். முகத்துவாரத்தில் இருக்கும் ஒரு பழைய பாலத்தில், நடுவில் உள்ள மூன்று கண்களுக்கு, அதாவது தூண்களுக்கு இடையே உள்ள பகுதிகளுக்கு, அடியில் நான் போகவே இல்லை. படகு கேட்டேன், ஏற்பாடு செய்யவில்லை. சீனியர், 'போன வருஷ ரேட்டிங்கையே போடுப்பா, ஒரு வருஷத்துல என்ன ஆகிடப் போகுது' என்கிறார். அடுத்த வாரம் பில் போட வேண்டுமாம். வீட்டில் தங்கையின் படிப்புக் கடன் இருக்கிறது, வேலையை விட முடியாது. கையெழுத்துப் போடலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என்னோடு படித்தவர்கள் மெட்ரோ டிசைன், துறைமுகம் என்று போய்விட்டார்கள். நான் துருவை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பராமரிப்பு வேலையிலேயே இருக்கலாமா? (பெயர், ஊர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்:

தம்பி, முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கிற வடிவத்தில் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் அதற்காக வேலையை விடவும் வேண்டாம், சீனியரோடு சண்டை போடவும் வேண்டாம். நீங்கள் பார்க்காத மூன்று கண்களுக்கும் நேராக, ரேட்டிங் போடும் கட்டத்தில், 'ஆய்வு செய்யப்படவில்லை, அணுக வழியில்லை' என்று எழுதுங்கள். கீழே ஒரு வரி: எந்தக் கண், எந்தத் தேதியில் போனீர்கள், ஏன் போக முடியவில்லை, என்ன இருந்தால் போக முடியும். அவ்வளவுதான். அப்படி எழுதிய அறிக்கையில் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம்.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், 2019 மார்ச் 14ஆம் தேதி மாலை மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு நடைமேம்பாலம் இடிந்து விழுந்தது, உங்களுக்கு நினைவிருக்கலாம். ஹிமாலயா பாலம் என்பார்கள். வேலை முடிந்து ரயிலுக்குப் போகிற கூட்டம் மேலே நடந்துகொண்டிருந்த நேரம். மறுநாள் செய்தித்தாள்களில் ஆறு பேர் பலி என்று வந்தது. அந்தப் பாலம் ஆய்வே செய்யப்படாமல் விட்டுப்போன பாலமில்லை தம்பி. அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் மாநகராட்சி அமர்த்திய ஒரு ஆலோசனை நிறுவனம் தணிக்கை செய்து, சின்னச் சின்னப் பழுதுபார்ப்பு போதும், பயன்படுத்தலாம் என்று அறிக்கை கொடுத்திருந்தது. சில நாட்களில் அந்தத் தணிக்கையைச் செய்த பொறியாளரைப் போலீஸ் கைது செய்தது, அப்புறம் மாநகராட்சிப் பொறியாளர்கள் சிலரும் கைதானார்கள். ஒழுங்காகத் தணிக்கை செய்திருந்தால் இந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று மாநகராட்சியின் முதல்கட்ட விசாரணையே சொன்னது. உங்கள் நிறுவனமும் அப்படியொரு நிறுவனம்தான், நீங்களும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில், கவனக்குறைவால் உயிர் போனால் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை கொடுக்க இடமிருக்கிறது. வழக்கு என்று வந்தால், 'சீனியர் சொன்னார்' என்பது எந்தக் காகிதத்திலும் இருக்காது, உங்கள் கையெழுத்து மட்டும்தான் இருக்கும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. என் கதையையும் சொல்கிறேன், அப்போது புரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு கால்வாய்ப் பாலத்தின் பேரிங்குகளை ஆய்வு செய்யப் போனேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், உத்தரத்துக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் மெத்தைதான் பேரிங். வெயிலில் பாலம் நீளும், குளிரில் சுருங்கும், வண்டி போகும்போது கொஞ்சம் வளையும், அந்த அசைவையெல்லாம் அதுதான் வாங்கிக்கொள்ளும். அன்று ஏணி வரவில்லை. தூண் தலைமேல் மண்ணும் புறா எச்சமும் குவிந்து, அதில் ஒரு அரசங்கன்று வேறு முளைத்திருந்தது, கரையிலிருந்து பார்த்தால் பேரிங் இருக்கிற இடமே தெரியவில்லை. நான் படிவத்தில் '14 பேரிங்குகளும் நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பில் பாஸ் ஆனது. அடுத்த வருடம் அதே பாலத்துக்கு என்னையே அனுப்பினார்கள், இந்த முறை ஏணியோடு. மண்ணை வாரிக் கொட்டிவிட்டுப் பார்த்தால், ஒரு மெத்தை தன் இடத்திலிருந்து கை அகலத்துக்கு வெளியே நழுவி வந்திருக்கிறது, பக்கத்தில் இருந்தது விளிம்பில் பிளந்து உள்ளே இருக்கிற இரும்புத் தகடு தெரிகிறது. ஒரு வருடத்தில் நடந்த வேலை இல்லை அது. நான் 'நன்று' என்று எழுதிய நாளிலும் அது அப்படித்தான் இருந்திருக்கும். அந்தப் பாலத்தின் மேல் பள்ளிக்கூட வேன்கள் போய்க்கொண்டிருந்தன. திருத்த அறிக்கை எழுதிக் கொடுத்தேன், உத்தரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி மெத்தைகளை மாற்றினார்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதற்குப் பிறகு என் கண் படாத எதற்கும் 'நன்று' என்று நான் எழுதியதில்லை.

சரி, உங்கள் சீனியர் சொன்னதற்கு வருகிறேன். ஒரு வருடத்தில் என்ன ஆகிவிடும்? ஊருக்கு உள்ளே, காய்ந்த இடத்தில் இருக்கும் பாலம் என்றால் அவர் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. முகத்துவாரம் அப்படி இல்லை. உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில், அதாவது தூணும் உத்தரத்தின் அடிப்பகுதியும் ஒரு பொழுது நனைந்து மறு பொழுது காயும் அந்தப் பட்டையில்தான், கம்பி மற்ற எல்லா இடத்தையும்விட வேகமாக அரிக்கும். எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கும் பகுதிக்குக்கூட அவ்வளவு சேதம் வராது, அங்கே காற்று கிடைப்பதில்லை. உப்பு, ஈரம், காற்று மூன்றும் மாறி மாறிக் கிடைக்கிற இடம்தான் மோசம். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பிக்கு ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தைக் கொடுக்கிறது, உப்பில் இருக்கும் குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் புள்ளி புள்ளியாக உடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. வெளியே மயிரிழை வெடிப்பாகத் தெரியும்போது உள்ளே கதை பாதி முடிந்திருக்கும்.

இப்படி ஒரு முகத்துவாரப் பாலத்தின் அடியில் படகில் நின்று சுத்தியலால் தட்டிப் பார்த்த காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தட்டத் தட்ட 'ணங் ணங்' என்று கெட்டியாகக் கேட்டுக்கொண்டே வந்த சத்தம், ஒரு இடத்தில் 'பொத்' என்று மாறியது, பானையைத் தட்டின மாதிரி. மேலே பூச்சு நன்றாகத்தான் இருந்தது, பெயின்ட்கூட அடித்திருந்தார்கள். இன்னும் நாலு தட்டு தட்டினதும் தாம்பாளம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. உள்ளே கம்பி, அட்டை அட்டையாக உரிகிற துருவோடு. தேய்த்துச் சுத்தம் செய்து வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தால் 16 மில்லிமீட்டர் கம்பி 11 மில்லிமீட்டராக நிற்கிறது. மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லையே என்று தோன்றும், கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரம் தாங்குவது குறுக்குவெட்டுப் பரப்பு, அது விட்டத்தின் இருமடிப்படி போகும். 11 வகுத்தல் 16, அதன் வர்க்கம் 0.47. பாதிக்கு மேல் போய்விட்டது. கரையில் நின்று எடுத்த எந்தப் படத்திலும் அது தெரிந்திருக்காது.

கண்ணுக்கு மறைந்த இரும்பு என்ன செய்யும் என்பதற்கு இத்தாலியின் ஜெனோவாவைச் சொல்வார்கள். 1967இல் திறந்த பாலம். அதன் தாங்கு கம்பிகளைக் கான்கிரீட்டுக்குள் பொதிந்து கட்டியிருந்தார்கள், அதனால் உள்ளே இருக்கும் எஃகைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அதை வடிவமைத்த ரிக்கார்டோ மொராண்டியே 1979இல், கடல் காற்றும் பக்கத்து எஃகு ஆலையின் புகையும் பாலத்தை அரிக்கின்றன என்று எச்சரித்து எழுதினார். 2018 ஆகஸ்ட் 14 அன்று மழையில் அதன் ஒரு பகுதி விழுந்து 43 பேர் இறந்தார்கள். வடிவமைத்தவரே எச்சரித்தும், நடுவில் 39 வருடம் போய்விட்டது.

இன்னொன்றும் செய்யுங்கள். போன வருட அறிக்கையைத் திறந்து அந்த மூன்று கண்களின் படங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அதற்கு முந்தைய வருடத்தையும் எடுங்கள். ஒரே படம் இரண்டு வருடமும் இருந்தால், அல்லது படமே இல்லாமல் ரேட்டிங் மட்டும் இருந்தால், உங்கள் சீனியர் காப்பி அடிக்கச் சொல்லும் அந்த ரேட்டிங்கே ஒரு காப்பி என்று அர்த்தம். அப்படியானால் அந்த மூன்று கண்களைக் கடைசியாக ஒரு மனிதன் பார்த்தது எப்போது என்று உங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லாதீர்கள், சந்தேகமாகக் கேளுங்கள். 'சார், 2ஆம் தூணிலிருந்து 5ஆம் தூண் வரைக்கும் அடியில் எடுத்த படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, யாரிடமாவது இருக்குமா?' அந்தக் கேள்வியை மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான சீனியர்கள் கெட்டவர்கள் இல்லை தம்பி, குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்த நிறுவனத்தில் மேலிருந்து அவருக்கும் அழுத்தம் இருக்கும். படகுக்கும் ஏணிக்கும் போக்குவரத்தை நிறுத்துவதற்கும் டெண்டரில் தனி வரி இல்லாமல், பாலத்துக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை வைத்தால், அணுகுவதற்கான செலவைத்தான் முதலில் வெட்டுவார்கள். என்னைக் கேட்டால் மாநகராட்சிகள் முதலில் திருத்த வேண்டியது அந்த டெண்டர் படிவத்தைத்தான். அணுகும் செலவைத் தனியாகக் கொடுத்துவிட்டு, தொட்டுப் பார்த்த படம் இல்லாத ரேட்டிங்குக்குப் பணம் கிடையாது என்று ஒரு நிபந்தனை போட்டாலே நிறைய மாறும்.

சீனியரிடம் பேசும்போது நியாயத்தில் தொடங்காதீர்கள், நிறுவனத்தின் நன்மையிலிருந்து தொடங்குங்கள். 'ஆய்வு செய்யப்படவில்லை' என்று எழுதினால் பில் நிற்காது, அதிகபட்சம் அந்த ஒரு பாலத்துக்கான தொகையைப் பிடித்து வைப்பார்கள், படகு வந்ததும் கிடைத்துவிடும். பொய்யான ரேட்டிங் எழுதினால் மொத்த நிறுவனமும் மாட்டும். மாநகராட்சியின் ஏ.இ.க்கும் (உதவிப் பொறியாளர்) அந்த வரி உதவும், படகுக்கு ஒப்புதல் கேட்டு மேலே அனுப்ப அவருக்கு ஒரு காகிதம் வேண்டும். இவ்வளவு சொல்லியும், 'நீ போடு, நான் பார்த்துக்கறேன்' என்றால், 'சரி சார், அந்த ஒரு பக்கத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்' என்று பணிவாகச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அந்த இடத்தில் நிறையப் பேர் நின்று யோசிப்பார்கள். அதற்கும் மசியாமல் உங்கள் பெயரில் அவர்களே போட்டுவிடுவார்கள் என்று தோன்றினால், அன்றைக்கு வேறு வேலை தேடத் தொடங்குங்கள், கையில் கிடைத்த பிறகு விலகுங்கள். கடன் இருக்கிறவருக்கு நாளைக்கே ராஜினாமா செய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு விதிவிலக்கு. அடுத்த வாரம் வரை காத்திருக்க முடியாத அறிகுறி ஏதாவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் இந்த வழிமுறை எதுவும் பொருந்தாது. பாலத்தின் ஒரு முனையில் குனிந்து நின்று, கைப்பிடிச் சுவரின் மேல் விளிம்பை ஒரு கண்ணால் நூல் பிடித்த மாதிரி பாருங்கள். நேர்க்கோடு எங்காவது தொய்ந்து தெரிகிறதா? கண்களுக்கு நடுவில், பாலம் நீளவும் சுருங்கவும் விட்டிருக்கும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்டில் ஒரு பக்கம் இடைவெளி அடைத்தும் மறு பக்கம் விரிந்தும் இருக்கிறதா? லாரி போகும்போது முன்பு இல்லாத ஒரு அடி, ஒரு குதிப்பு கேட்கிறதா? ஏதாவது ஒன்று இருந்தாலும் சீனியர், ஏ.இ., இ.இ. (செயற்பொறியாளர்) மூன்று பேருக்கும் அன்றே எழுதுங்கள், ஃபோனிலும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் யார் மூலமாகப் போக வேண்டும் என்ற வரிசையெல்லாம் பார்க்கக் கூடாது.

அங்கே மீன் பிடிக்கிறவர்களிடமும் பேசுங்கள். பாலத்துக்கு அடியில் தினமும் போகிறவர்கள் அவர்கள்தான். 'எந்தக் கண்ணுல கல்லு விழுது?' என்று கேட்டால் கான்கிரீட்டின் வலிமையைத் தட்டிக் கணிக்கும் உங்கள் ரீபவுண்டு ஹேமர் சொல்வதைவிட முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். ரீபவுண்டு ஹேமரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அறிக்கைகளில் அதன் எண்களை அடுக்கிவிட்டு எல்லாம் சோதித்த மாதிரி காட்டுவது வழக்கமாகிவிட்டது. அது கான்கிரீட்டின் மேல்தோலைத்தான் அளக்கிறது. பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றில் இருக்கும் கரியமில வாயுவால் கெட்டிப்பட்டிருக்கும், எண் உண்மையைவிடக் கூடுதலாக வரும். உள்ளே கம்பி அரிக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்குக் கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனை இருக்கிறது, தாமிர சல்ஃபேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டி இறங்கினால் அந்த இடத்தில் அரிப்பு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. பெயர்த்த இடத்தில் பினாஃப்தலீன் தெளித்தால் நல்ல கான்கிரீட் பளீரென்று ரோஸ் நிறமாகும், காரம் போன பகுதி நிறம் மாறாமல் நிற்கும். ஆனால் உங்கள் பாலம் கடலோரம், ரோஸ் நிறம் வந்துவிட்டதென்று நிம்மதியாகாதீர்கள், தூள் எடுத்துக் குளோரைடு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி. துருவை எண்ணுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. சம்பளத்தில் உங்கள் நண்பர்கள் முன்னால் இருப்பார்கள், அதை மறைக்கவில்லை. திறப்பு விழா, ரிப்பன் வெட்டும் படம், கல்வெட்டில் பெயர் எதுவும் நமக்குக் கிடைக்காது. ஆனால் சென்னை அண்ணா மேம்பாலம் திறந்தது 1973. அதற்குப் பிறகு நம் ஊர்களில் கட்டியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வயதாகிக்கொண்டு வருகிறது. இனி வரும் வருடங்களில் ஒரு பழைய பாலத்தைப் பார்த்து இது இன்னும் எத்தனை வருடம் தாங்கும், எங்கே தொட்டால் போதும், எப்போது மூட வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்களைத் தேடித்தான் ஆள் அனுப்புவார்கள். பாம்பனை எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் திறந்த ரயில் பாலம், கடலுக்கு நடுவில் நூறு வருடத்துக்கு மேல் நின்றது. பெயின்ட் அடித்து, துரு சுரண்டி, தகடு மாற்றி அதை நிற்க வைத்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. கடைசியில் தூக்குப் பகுதியின் நிலை சரியில்லை என்று தெரிந்ததும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். ராமேஸ்வரம் போகிறவர்கள் இரண்டு வருடத்துக்கு மேல் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தது. சரியான நேரத்தில் நிறுத்தச் சொன்னது நம் வேலையைச் செய்கிறவர்கள்தான்.

டிசைனுக்குப் போக ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள், ஆனால் இன்னும் இரண்டு வருடம் இங்கே இருந்துவிட்டுப் போங்கள். பேரிங்கை மாற்ற ஜாக்கி வைக்க இடம் விடாத தூண் தலை, தண்ணீரை நேராக உத்தரத்தின் முனையிலேயே கொட்டும் வடிகுழாய், கை நுழையாத மூலைகள் இதையெல்லாம் பட்டு அனுபவித்தவர் வரையும் படம் வேறு மாதிரி இருக்கும். அதோடு கோணல்களைப் பார்க்கும் கண்ணும் வந்துவிடும். 2007 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் நெடுஞ்சாலைப் பாலம் ஆற்றில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். காரணம் இணைப்புத் தகடுகள், வடிவமைப்பிலேயே தேவையில் பாதித் தடிமன்தான் கொடுத்திருந்தார்கள். விபத்துக்கு நான்கு வருடம் முன்பு, 2003இல் எடுத்த படங்களிலேயே அந்தத் தகடுகள் வளைந்திருப்பது தெரிகிறது. எத்தனையோ பேர் வேறு எதையோ தேடி அந்த இடத்தைப் பார்த்திருக்கிறார்கள், வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று. தகடு நேராக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் உங்கள் கண்ணில் அப்படி ஒன்று படலாம்.

படகு விஷயத்துக்கு வருகிறேன். மாநகராட்சி ஒப்புதலுக்குக் காத்திருக்கும்போதே அந்தக் கரையில் ஃபைபர் படகு வைத்திருப்பவரிடம் அரை நாள் வாடகை பேசி, அந்தத் தொகையை எழுதி சீனியரிடம் கொடுத்துவிடுங்கள், எண்ணைப் பார்த்தால் மறுப்பது கஷ்டம். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளாகப் பாருங்கள், அப்போதுதான் தண்ணீர் அதிகம் இறங்கும், தூண்களில் வழக்கமாக மூழ்கியிருக்கும் பட்டையும் வெளியே தெரியும். முகத்துவாரத்தில் எத்தனை மணிக்கு இறங்கும் என்று படகுக்காரரே சொல்வார். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள், தனியாகப் போகாதீர்கள். சுத்தியல், கம்பி பிரஷ், வெர்னியர், டார்ச், தூண் எண் எழுத சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணிலும் முதலில் தூரத்திலிருந்து ஒரு படம், அப்புறம் பக்கத்தில். பக்கத்தில் எடுக்கும் படத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வெடிப்பின் அருகில் இருக்கட்டும், இல்லையென்றால் அடுத்த வருடம் பார்க்கிறவருக்கு அது வளர்ந்ததா இல்லையா என்று தெரியாது. அடுத்த வருடம் நீங்கள் அங்கே இல்லாமல்கூடப் போகலாம்.

பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், படங்களையும் அனுப்புங்கள். 3ஆம் தூணின் தலையை மட்டும் மண்ணை நீக்கிவிட்டு எடுங்கள்.